மூன்று வினாடி பொறுத்த போர்டு

எங்கள் தெருவில் அவருக்குப் 'பொறுங்க சார்' என்று பெயர். வைத்தது யார் என்று விசாரிக்க வேண்டாம். வைத்தவள் இன்னும் இதே தெருவில்தான் குடியிருக்கிறாள், கோபம் வந்தால் உங்களுக்கும் ஒன்று வைத்துவிடுவாள். வாசலில் பார்த்து "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால்கூட மனிதர் ஒரு விரலை உயர்த்தி, "பொறுங்க" என்பார். உள்ளே எதையோ ஒருமுறை சரிபார்ப்பார். பிறகுதான் "இருக்கேன்" என்று வரும். அதற்குள் நான் ஒரு வாளி நிரப்பி, தூக்கிக்கொண்டு போய் வைத்து, மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வந்த நாட்கள் உண்டு.

அவர் மனைவி இதை வேறு மாதிரிச் சொல்வாள். "என்னைக் கட்டிக்கச் சம்மதமான்னு எங்கப்பா கேட்டாரு. பொறுங்கன்னாரு இவரு. அன்னைக்குப் பொறுக்க ஆரம்பிச்சவ நான். இன்னும் முடியல."

குடிநீர்த் துறையில் இருபத்தாறு வருஷ உத்தியோகம். அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் ஒரு மேசை, ஒரு ஜன்னல், இறக்கை வளைந்த ஒரு மின்விசிறி. ஊரின் ஆறு பம்ப் ஹவுஸ்களிலும் மோட்டாரையும் வால்வையும் ஆட்டி வைக்கும் சின்னச் சின்ன மின்னணு போர்டுகள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஓடும் நிரலெல்லாம் அவர் எழுதியது. தண்ணீர் ஒழுங்காக வந்துகொண்டிருந்தவரை அப்படி ஒரு மனிதர் இருப்பது ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்று மதியம் தெற்குப் பம்ப் ஹவுஸில் இடி விழுந்தது. போர்டு கருகிவிட்டது. குன்றின் மேலிருக்கும் ஆஸ்பத்திரிக்கும், அதன் சரிவிலிருக்கும் இருபத்தொரு தெருக்களுக்கும் தண்ணீர் ஏறுவது அங்கிருந்துதான். கையால் சுவிட்சைப் போட்டு ஓட்டலாமே என்று கேட்பீர்கள். முந்தைய வருஷம் அப்படித்தான் ஒருவர் வால்வைத் திறக்காமல் மோட்டாரை ஓட்டினார். குழாய் வெடித்து ஒரு பேருந்தையே குளிப்பாட்டியது. அதோடு கை சுவிட்சின் கம்பிகளை வெட்டி எறிந்துவிட்டார்கள். இப்போது போர்டு சொன்னால்தான் மோட்டார் அசையும்.

அந்தப் பழைய ரக போர்டு இப்போது எங்கும் கிடைப்பதில்லை; மற்ற பம்ப் ஹவுஸிலிருந்து ஒன்றைக் கழற்றினால் அந்தப் பக்கம் காய்ந்துவிடும். புது ரகத்தில் இரண்டு போர்டுகள் வாங்கி அலமாரியில் வைத்துப் பதினோரு மாதம் ஆகிறது. அவற்றுக்கு ஏற்றபடி நிரலைத் தயார் செய்து வைக்கவில்லை. மேலதிகாரி அம்மாள் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும், "பொறுங்க மேடம், நிதானமாச் செய்வோம்" என்று சொன்னவர் வேறு யாருமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்தபோது அவர் பயந்தது மேலதிகாரிக்கு அல்ல. அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய் நாலு வருஷம். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் குன்றின் மேலுள்ள அந்த ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒருவருக்கு ஒருமுறை ரத்தத்தைச் சுத்தம் செய்ய நூற்றிருபது லிட்டர் தண்ணீர் வேண்டும். திங்கட்கிழமை காலையிலேயே அங்கே தொட்டி வறண்டது. லாரியில் கொண்டுவந்த தண்ணீர் வடிகட்டியை இரண்டு மணி நேரத்தில் சேறாக்கிவிட்டது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் பெயரை எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அங்கே இருப்பவர்களுக்கே இடம் போதவில்லை. அவளுடைய திங்கட்கிழமை முறை தவறிப்போனது.

போர்டுக்கு மின்சாரம் வந்ததும் அதில் முதலில் கண் விழிப்பது பூட்லோடர் என்ற சின்ன நிரல். அது எழுந்து, மெமரி எவ்வளவு, எது எந்தக் காலில், அதாவது எந்தக் கம்பி முனையில், இருக்கிறது என்று பார்த்து, மோட்டாரை ஓட்டும் பெரிய நிரலைத் தட்டி எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு ரக போர்டுக்கும் அதற்கென்று ஒரு பட்டியல் எழுதிச் சேர்க்க வேண்டும். கான்ஃபிக் என்பார்கள். அந்தப் பட்டியல் இல்லாமல் பூட்லோடரைக் கட்டவே, அதாவது போர்டில் ஏற்றும் வடிவத்துக்குக் கொண்டுவரவே, முடியாது. முதலிலிருந்து யாரும் எழுதுவதில்லை. பழைய போர்டின் கான்ஃபிக்கை நகலெடுத்து, பெயரை மாற்றி, எது எது வேறுபடுகிறதோ அதை மட்டும் திருத்துவார்கள். நிதானமாகச் செய்தால் மூன்று வாரம்.

அவருக்கு மூன்று நாள்கூட இல்லை. திங்கட்கிழமை மட்டும் ஒன்பது முறை கட்டினார். முதல் நாலு, கட்டி முடிவதற்கு முன்பே பிழை சொல்லி நின்றன. மற்றவை போர்டில் ஏறின, ஆனால் போர்டு கண்ணைத் திறக்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் மின்கம்பியைத் திருப்பிச் செருகி ஒரு போர்டைத் தீய்த்தார். மிச்சம் ஒன்று.

எங்கள் தெருவும் அதற்குள் வேறு தெருவாகிவிட்டது. வாளிகளின் வரிசை லாரி நிற்கும் இடத்திலிருந்து கிளம்பி, மூன்று சந்து திரும்பி, கடைசி வாளி முதல் வாளியின் முதுகில் வந்து இடித்தது. எதிர்வீட்டு ஆஜானுபாகு மனிதர் ஒரு டம்ளரில் குளித்துவிட்டு மிச்சத்தைச் செடிக்கு ஊற்றினார். செடி முகத்தைத் திருப்பிக்கொண்டது. நம்பாதவர்கள் அந்தச் செடியைக் கேட்டுக்கொள்ளலாம்.

செவ்வாய் மதியம் பன்னிரண்டாவது முறை கட்டியபோது மெமரி எண் பொருந்தியது. மேசைமேல் போர்டு எழுந்தது. போர்டுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஒரு கேபிள் உண்டு; அதில் ஒரு கம்பி போர்டின் வாய், இன்னொன்று அதன் காது. வாய்க்கம்பி வழியே போர்டு தன் பெயரைச் சொன்னது, மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணி, அந்த மூன்று வினாடிக்குள் யாராவது விசையைத் தட்டி நிறுத்தச் சொல்கிறார்களா என்று பொறுத்தது, பெரிய நிரலை எழுப்பியது. பத்து முறை அணைத்துப் போட்டார். பத்து முறையும் எழுந்தது. மனிதர் மேசையில் தலையை வைத்து அழுதார் என்று சுத்தம் செய்யும் பெண் சொன்னாள்.

பம்ப் ஹவுஸில் இருக்கும் ஆபரேட்டர் வேறு யாருமல்ல, அவர் மனைவியின் தம்பி. போர்டைப் பெட்டிக்குள் திருகி மாட்டியவன் அவன்தான். சுவிட்சைப் போட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. கழற்றிக்கொண்டு அலுவலகம் ஓடினார். மேசைமேல் அழகாக எழுந்தது. மறுபடி கொண்டுவந்து மாட்டினார், பிணமாகக் கிடந்தது.

"மாமா, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டீங்களே?" என்றான் மைத்துனன்.

"சொல்லு மாப்ளே."

"அதுக்கு உங்க மூஞ்சியப் பாக்காம எந்திரிக்க முடியல. உங்க போட்டோ ஒண்ணு பெரிசாப் போட்டுப் பெட்டிக்குள்ள மாட்டிருவோம்."

அவர் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கத்தான் சொன்னானா என்று தெரியவில்லை. அவனுக்கு இருப்பது ஒரே அக்கா.

புதன்கிழமை காலை அவள் கட்டிலில் உட்கார்ந்தபடியே விடிந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. கால்கள் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ரத்தம் சுத்தமாகவில்லை, ஐந்தாம் நாள். டாக்டர் போனில் சொல்லியிருந்தார்: இன்று சாயங்காலத்தைத் தாண்டக்கூடாது.

"இங்க எதுக்கு நிக்கிறீங்க?" என்றாள். நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினாள். "நான் ஆட்டோ வச்சு ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கேயே உக்காந்துக்கறேன். தண்ணி வந்தா முதல் ஆளா ஏறிடுவேன். வரலைன்னா... டாக்டர் பக்கத்துலதானே இருப்பாரு."

"பொறு, நானும் கூட..."

"நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்க? உங்க வாயால ஊதி ஏத்துவீங்களா? போய் அந்தச் சனியனை எழுப்புங்க."

அவர் வீட்டுப் படியிறங்கியபோது நான் வாசலில் இருந்தேன். ஏதோ கேட்டேன். விரலை உயர்த்தவில்லை, பொறுங்க என்றும் சொல்லவில்லை. என்னைத் தாண்டிப் போய்விட்டார். 

இந்த முறை லேப்டாப்பைப் பம்ப் ஹவுஸுக்கே தூக்கிக்கொண்டு போனார். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, கேபிளைப் போர்டில் செருகி, சுவிட்சைப் போட்டார். போர்டு சமர்த்தாக எழுந்தது. மூன்று, இரண்டு, ஒன்று, பச்சை விளக்கு, வால்வு திறந்தது, பெரிய மோட்டார் ஒரு உறுமு உறுமியது.

"ஓடுது மாமா! கேபிளை எடுக்காதீங்க! லேப்டாப் இங்கயே கெடக்கட்டும், நான் சோறு தண்ணியில்லாம காவல் இருக்கேன்!"

அவன் சொல்லி முடிக்கவில்லை. மோட்டார் வேகமெடுத்த உதறல் கேபிள் வழியே பாய்ந்தது. கேபிளின் லேப்டாப் பக்க முனை புகைந்தது. போர்டு ஒருமுறை அணைந்தது. மோட்டார் நின்றது. குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பிச் சரிந்து இறங்கும் சத்தம் தரைக்குக் கீழே கேட்டது.

மைத்துனன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அக்காகிட்ட நான் என்ன சொல்வேன்?" என்றான்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேபிளில் காதுக்கம்பி மட்டும் கருகியிருந்தது. வாய்க்கம்பிக்கு உயிர் இருந்தது. போர்டு மறுபடி எழ முயன்றது. மூன்று என்றது. இரண்டு என்றது. பிறகு திரையில் யாரோ கண்ணை மூடிக்கொண்டு விசைகளைக் குத்தியதுபோல அர்த்தமில்லாத நாலைந்து எழுத்துகள். அதோடு எண்ணிக்கை நின்றது. 'சொல்லுங்கள், காத்திருக்கிறேன்' என்று அர்த்தம் தரும் குறியைக் காட்டிவிட்டு, போர்டு சும்மா இருந்தது.

"நீ ஏதாவது தட்டினியா?"

"நான் எங்க தட்டினேன்? நான் இங்கல்ல உக்காந்திருக்கேன்."

அவரும் தட்டவில்லை. பின் தட்டியது யார்?

கீழ்த்தொட்டிக்கு ஆற்றுநீர் ஏற்றும் பழைய மோட்டாருக்குப் போர்டு கிடையாது; அடுத்த அறையில் அது நாள் முழுக்க ஓடும். அதன் இரைச்சல் காற்றில் மட்டுமில்லை, மின்சாரத்திலும் இருந்தது. பழைய போர்டில் காதுக்கம்பி சும்மா தொங்கினாலும் அமைதியாக இருக்கும்படி ஒரு துளி உறுப்பை வைத்திருந்தார்கள். புது போர்டில் அது இல்லை. கேபிள் செருகாதபோது திறந்த காது மோட்டாரின் இரைச்சலைக் கேட்டு, யாரோ விசையைத் தட்டி நில் என்கிறார்கள் என்று நினைத்தது. சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது. நேற்றிலிருந்து அது பெட்டிக்குள் செத்துக் கிடக்கவேயில்லை; மரியாதையாகக் காத்திருந்தது. மேசைமேல் கேபிளோடே சோதித்த மனிதருக்கு அது எப்படித் தெரியும்? கேபிள் இல்லாமல் மேசையில் போர்டைச் சோதிப்பவர் உலகத்தில் யார் இருக்கிறார்?

அந்த மூன்று வினாடிக் காத்திருப்பு கான்ஃபிக்கில் ஒரே ஒரு வரி. நகலெடுத்தபோது பழைய போர்டிலிருந்து தானாக வந்தது. வரிக்குப் பக்கத்தில் இருபத்துநாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு குறிப்பு: 'இதை யாரும் எடுக்கக்கூடாது.' கீழே அவருடைய முதலெழுத்துகள்.

அதை எழுதிய காலத்தில் அவர் வேறு ஆள். பொறுக்கத் தெரியாத ஆள். காத்திருப்பே இல்லாமல் ஒரு பூட்லோடரைக் கட்டி ஏற்றினார். அதில் வேறெங்கோ ஒரு பிழை. போர்டு எழுவதும் விழுவதுமாகச் சுழன்றது. இடையில் புகுந்து நிறுத்த அது ஒரு நொடிகூடத் தரவில்லை. ஊர் நாலு நாள் காய்ந்தது. பெரிய அதிகாரியின் அறையில் எல்லோருக்கும் நடுவில் நிற்கவைத்து, மேசைமேலிருந்த தண்ணீர்க் குவளையை இவர் கையில் கொடுத்து, "இதை எடுத்துக்கிட்டுப் போய் ஊருக்கு ஊத்து" என்றார்கள். அதற்குப் பிறகுதான் எல்லா போர்டிலும் மூன்று வினாடி. வாயிலும் மூன்று வினாடி.

இப்போது அந்தக் காத்திருப்பை எடுத்து, காதையும் அடைத்துவிட்டால் போர்டு யார் சொல்வதையும் கேட்காது. நேராகப் பெரிய நிரலிடம் போகும். பம்ப் ஹவுஸுக்கு அதுதான் வேண்டும். ஆனால் புதிதாகக் கட்டுவதில் ஒரு எழுத்து பிசகினாலும் உள்ளே புக வழியில்லை. மாற்று போர்டும் இல்லை. அவரே தீய்த்துவிட்டார்.

"மாப்ளே, என் மேசைல கீழ் டிராயர்ல இன்னொரு கேபிள் இருக்கு. பழசு. போய் எடுத்துட்டு வா."

"பூட்டியிருந்தா?"

"உடை."

அவன் பைக் கிளம்பிய சத்தம் அடங்குமுன் மேலதிகாரி அம்மாள் போனில் வந்தார். இவர் விஷயத்தைச் சொன்னார்.

"கேபிள் வழிய அடைச்சிட்டா நாளைக்குக் கோளாறுன்னா யார் உள்ள போறது? இது தலைமை அலுவலகத்துல கேட்டுத்தான் பண்ணணும். எழுதி அனுப்புங்க, நாளன்னைக்குள்ள வாங்கித் தரேன். கொஞ்சம் பொறுங்க சார்."

வேண்டுமென்று சொன்னாரா, வாய்தவறி வந்ததா தெரியாது. "முடியாது மேடம்" என்று அவர் போனை வைத்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் மேலதிகாரிக்கு உடனடியாகச் சொன்ன ஒரே பதில் அது.

வரியைத் திருத்தினார். பழைய குறிப்பை அழிக்கவில்லை. அதன் கீழே, 'எடுத்தது நானே' என்று எழுதித் தேதி போட்டார். லேப்டாப்பைக் கட்டச் சொன்னார். திரையில் வரிகள் ஓடின. ஓடும்போது தொடக்கத்திலிருந்து முழுக் கான்ஃபிக்கையும் விரல் வைத்துப் படித்தார். நூற்றெண்பது வரி. பாதியில் மனைவியிடமிருந்து போன்.

"என்னங்க..." பின்னால் மூச்சு இழுக்கும் சத்தம். "பக்கத்துப் பெஞ்சுல ஒரு பெரியவர். அவரை இப்போ உள்ள தூக்கிட்டுப் போனாங்க. ஆக்சிஜன் வச்சிருக்காங்க. சும்மா சொன்னேன். நீங்க அவசரப்படாதீங்க."

"நீ பேசாதே. மூச்சு வாங்குது."

"பேசாம இருந்தா பயமா இருக்கு."

அவர் போனை வைக்காமல் பெட்டியின் மேல் வைத்தார். அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே மிச்ச வரிகளைப் படித்தார். எழுபத்தெட்டாவது வரியில் விரல் நின்றது. மெமரி கார்டு எந்தக் காலில் இருக்கிறது என்ற எண். சரியா? மறந்துவிட்டது, தன் பெயரே மறந்ததுபோல. காகிதத்தைத் தேடிப் பார்த்தார். சரி. மறுபடி பார்த்தார். சரி.

மைத்துனன் வந்தபோது அவன் கையில் கேபிளோடு டிராயரின் கைப்பிடியும் இருந்தது. பழைய மோட்டாரை ஐந்து நிமிஷம் நிறுத்தினார்கள். மின்சாரம் இருக்கும்போதே அந்த அறை நிசப்தமானது அதுதான் முதல் முறை. கேபிளைச் செருகி, புதுப் பூட்லோடரை ஏற்றினார். முடிந்தது என்று வந்ததும் கேபிளை உருவினார். இனி அது பேசினாலும் யாருக்கும் கேட்காது. யார் பேசினாலும் அதற்கும் கேட்காது.

"பழசை ஓட விடு."

இரைச்சல் திரும்பியது.

"இப்போ போடு."

சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லாம் சரியாக இருந்தால் நாற்பது வினாடியில் பச்சை வரவேண்டும். மைத்துனன் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தான். முப்பதில் அவன் குரல் தேய்ந்தது. நாற்பதில் நிறுத்திக்கொண்டான். நாற்பத்தொன்றை யாரும் சொல்லவில்லை. பெட்டியின் மேல் போனில் அவள் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

'டக்.'

பச்சை. வால்வு முனகியது. பெரிய மோட்டார் ஒரு உறுமு உறுமி, இந்த முறை நிற்காமல் எடுத்துக்கொண்டு போனது. மைத்துனன் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வேகமா எண்ணிட்டேன் மாமா, நான்தான் வேகமா எண்ணிட்டேன்!" என்று கத்தினான். அவர் போனை எடுத்தார்.

"ஏறுது. உனக்கு வர ரெண்டு மணி நேரமாகும். தாங்குவியா?"

"நாலு வருஷமா உங்களையே தாங்கறேன்" என்றாள். நாலு வருஷம் என்றாளா நாற்பது என்றாளா, பின்னால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக் குழாய் இருமி, காற்றைத் துப்பி, பழுப்பாக ஒரு வாய் கக்கிவிட்டுப் பிறகு தெளிந்தது. வடிகட்டியைக் கழுவி ஓட்டி, நாலு மணிக்கு அவளையும் அந்தப் பெரியவரையும் முதலில் படுக்கவைத்தார்கள். அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது குழாய்களில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"மூணு நாளா ஒரே சட்டை. தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தார். அரைமணி நேரம் போயிருக்கும். விளக்குகள் அணைந்தன. ஊர் முழுக்க மின்சாரம் போய்விட்டதாக நர்ஸ் சொன்னாள். ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் உடனே எடுத்துக்கொண்டது, இயந்திரங்கள் நிற்கவில்லை. ஆனால் பம்ப் ஹவுஸில் ஜெனரேட்டர் கிடையாது. தொட்டியில் ஏறியிருந்தது ஒரு மணி நேரத் தண்ணீர். அவளுக்கு இன்னும் மூன்றரை மணி நேரம் வேண்டும். இந்த முறை பெட்டியின் பக்கத்தில் அவர் இல்லை. அவர் முகமில்லை, கேபிளில்லை.

ஐந்து நிமிஷத்தில் ஜெனரேட்டர் நின்றது; ஊருக்கு மின்சாரம் திரும்பியிருந்தது. அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார். மைத்துனனுக்குப் போன் போட்டார், அவன் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. நாற்பதைத் தாண்டினார், நூறைத் தாண்டினார். அவள் தன் சும்மா இருந்த கையை அவர் கைமேல் வைத்தாள். அவர் விரல்கள் ஐஸ்கட்டியாக இருந்தனவாம்.

போன் அடித்தது.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"ஏன்டா எடுக்கல?"

"போனை இங்க விட்டுட்டு டீ குடிக்கப் போயிருந்தேன் மாமா. கரண்ட் போனதே தெரியாது. இப்போ வந்து பாக்கறேன்..."

"பச்சையா சிவப்பா?"

"பொறுங்க," என்றான் மைத்துனன். அவன் செருப்புச் சத்தமும், கதவு திறக்கும் சத்தமும், அதற்குப் பின்னால் பெரிய மோட்டாரின் உறுமலும் கேட்டன. "பச்சை மாமா. தானாவே எந்திரிச்சு ஓடிக்கிட்டிருக்கு."